இரண்டும் இடப்பக்கம்

பொருந்தவில்லை என்பது கைக்கு முதலில் தெரிந்தது, எனக்குப் பிறகுதான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, வலது முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்குக்குப் பின்பக்கம் தலையை விட்டு, நேற்று வார்த்து வைத்த, காற்று ஊதும் ஃபைபர் வாயை அதன் இடத்தில் வைக்கிறேன். உள்ளே பார்க்க வேண்டிய வாய் வெளியே பார்க்கிறது. திருப்பி வைக்கிறேன். இப்போது உள்ளே பார்க்கிறது, ஆனால் தலைகீழாக, ஷாக் அப்சார்பரின் காலில் முட்டிக்கொண்டு. தூக்கம் கெட்ட கண் இப்படித்தான் காட்டும் என்று சொல்லிக்கொண்டு எழுந்து, கார் ஷெட்டின் அந்தப் பக்கம் போய், ஏற்கனவே மாட்டி முடித்த இடது சக்கரத்தின் வாயைப் பார்த்தேன். கையில் இருப்பதைப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. ஒரே அச்சில் இரண்டு முறை வார்த்திருக்கிறேன். இடது காலுக்கு இரண்டு செருப்புத் தைத்துவிட்டு வலது காலை நீட்டச் சொல்கிற வேலை. வேலை என்னவோ சின்னதுதான். பம்பரில் ஃபாக் லேம்ப்புக்கு விட்டிருக்கும் ஓட்டையில் ஒரு புனல். புனலிலிருந்து, சமையலறைச் சிம்னிக்குப் போடுவார்களே, அந்த அலுமினிய மடிப்புக் குழாய். குழாய் சக்கரத்துக்குப் பின்னால் வந்து முடிகிற இடத்தில் இந்த ஃபைபர் வாய். வண்டி ஓடும்போது எதிர்காற்று புனலுக்குள் புகுந்து, குழாய் வழியே வந்து, பிரேக் பிடித்துப் பிடித்துப் பழுத்துக் கிடக்கும் டிஸ்க்கின் நடுவில் ஊத வேண்டும். கடையில் கிடைப்பதெல்லாம் வேறு வண்டிகளுக்கு. இந்தப் பழைய நீல வண்டிக்கு நாமே செய்துகொண்டால்தான் உண்டு. களிமண்ணில் உருவம் பிடித்து, மேலே பேக்கிங் டேப் சுற்றி, மெழுகு தடவி, ஃபைபர் பாயைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டி, ரெசின் பூசி, இறுகியதும் உரித்து எடுப்பது. முதல் வாய் முந்தாநாள் அவ்வளவு அழகாக உரிந்து வந்தது. அந்த அழகுதான் கெடுத்தது. அச்சு உடையாமல் முழுசாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில், நேற்று மில்லிலிருந்து வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், அதன் மேலேயே இரண்டாவதையும் வார்த்துவிட்டேன். வலதுக்கு உருவத்தையே மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் பிடித்திருக்க வேண்டும். தெரியாதா எனக்கு? தெரியும். ரெசின் வாடை மூக்கில் ஏறியிருந்தது, கையெல்லாம் ஃபைபர் அரிப்பு, கண் எரிச்சல். ஆனால் அதையெல்லாம் இப்போது எதற்கு அடுக்குகிறேன்? இரண்டும் இடது என்று தெரிந்த அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் விஷயம். வருத்தமும் வரவில்லை. நெஞ்சுக்குள் இறுகக் கட்டியிருந்த ஏதோ ஒன்று சத்தமில்லாமல் அவிழ்ந்தது. அப்பாடா என்று இருந்தது. சிமெண்ட் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கையில் அந்தத் தப்பான வாயை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நன்றாகவே மூச்சு விட்டேன்.

மனைவி பூங்கொடி காலையில் கேட்டதும் இதைத்தானே. ஷிஃப்ட் முடிந்து வந்து நான் செருப்பைக் கழற்றும்போதே அவள் வாசலில் நின்றிருந்தாள், வழக்கமாக அடுப்படியில் இருந்து குரல் மட்டும்தான் வரும். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். ஆகலைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. "நான் சொன்னா அது அம்மா பயம்னு சிந்துஜா சிரிப்பா. நீங்க சொன்னா நம்புவா. நீங்க அவகிட்டப் பொய் பேசுனதே இல்லைல்ல." பாராட்டையும் பொய்யையும் ஒரே வாக்கியத்தில் வைத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். என்ன பதில் சொன்னேன்? பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்பது இருபத்தைந்து வருஷமாக நான் அவளுக்குச் சொல்லும் பதில், அவளுக்கு அது பழக்கம், அதற்குள் ஆமாம் என்பது இருக்கிறதா, இல்லை என்பது இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். இன்று காலை கண்டுபிடிக்க முடியாமல் போனாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எனக்கே தெரிந்திருக்கவில்லை. மகள் சிந்துஜா வாக்குக் கொடுத்திருக்கிறாள். குழாய் ரெண்டும் மாட்டினாத்தான் வண்டியத் தொடுவேன், இல்லைன்னா நாளைக்குப் போட்டியே வேண்டாம்ப்பா, என்று என் உள்ளங்கையில் அடித்துச் சொன்னாள். வாங்கியது நான். அவள் கொடுத்தால் கொடுத்ததுதான், சின்னதிலிருந்தே அப்படி. அதனால் ஆகலை என்ற ஒரு வார்த்தை போதும், அவளுடைய முதல் கார் ரேஸ் நடக்காது, அவளோடு சேர்ந்து இந்த வண்டியைக் கட்டிய, அவள் வேலை பார்க்கிற பம்ப் கம்பெனி சிநேகிதர்கள் நாலு பேரும் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிடுவார்கள், அடுத்தது மழைக்காலம் கழித்துத்தான், அதற்குள் மனசு மாறலாம், கல்யாணப் பேச்சு வரலாம், வண்டியே விற்றுப்போகலாம். அந்த ஒரு வார்த்தை இப்போது பொய்கூட இல்லை. இதோ கையில் இருக்கிறது. தொட்டுப் பார்த்தாலே தெரியும், ஆகலை.

போன மாதம் ரேஸ் டிராக்குக்குப் பயிற்சிக்கு என்று போனபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ராத்திரி வேலைக்காரனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். நேர்ப்பாதையின் முடிவில் ஒரு திருப்பம், எல்லா வண்டியும் அங்கே வந்து மூக்கைத் தரையில் குத்துகிற மாதிரி குனியும், பிறகு திரும்பும். நீல வண்டி ஒவ்வொரு சுற்றும் குனிந்தது, குனிந்தது, ஒரு சுற்றில் குனியவில்லை. அவ்வளவுதான். சத்தம் ஒன்றும் இல்லை. எல்லா வண்டியும் குனிகிற இடத்தில் ஒரு வண்டி குனியாமல் போவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது, படிக்கட்டு இருக்கும் என்று கால் வைத்து இல்லாமல் போவது அதில் கொஞ்சம். புல்லுக்குள் போய், மண்ணைக் கிளப்பி, ஓரத் தடுப்பாக வைத்த டயர் அடுக்கின் முன்னால் நின்றது. முன்னால்தான். மேலே படவில்லை. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பிரேக் பெடல் அடி வரைக்கும் போயிருச்சுப்பா, பஞ்சு மாதிரி ஆயிருச்சு, என்றாள். முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை. பிரேக் பேட் கருகிய வாடை, இஸ்திரிப் பெட்டியைப் பழைய துணி மேல் மறந்துவிட்ட வாடை. ஒருத்தன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் ஊற்ற வந்தான், சூட்டோட ஊத்துனா டிஸ்க்கு விரிசல் உட்ரும், தள்ளுப்பா என்று அவனைத் தடுத்தேன்; என் குரல் எவ்வளவு நிதானமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.   அன்று வண்டியில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது இது சூட்டு வியாதிதான், காற்று கொடுத்தால் தீரும் என்று. வீட்டில் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். பேசி என்ன, பூங்கொடியின் தங்கச்சி மகன், யாரோ எடுத்த வீடியோவை அன்று சாயங்காலமே அவளுக்கு அனுப்பிவிட்டான், பெரியம்மா மகள் ஹீரோயின் ஆயிட்டா என்று கிண்டல் வேறு. பூங்கொடி கத்தவில்லை. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் பார்த்தது எந்த இடத்தை என்று எனக்குத் தெரியும். குனியாத இடத்தை.

காற்றோடுதான் எனக்கு வாழ்க்கை. ஸ்பின்னிங் மில்லில் ஈரக்காற்று பிளாண்ட் பார்க்கிற வேலை. ராத்திரி முழுக்க மெஷின் ஹாலுக்குள் எவ்வளவு காற்று போகிறது, எவ்வளவு ஈரத்தோடு போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், கூடினால் பஞ்சு உருளையில் சுற்றும். யாரும் சொல்லித்தரவில்லை, ஓடுகிற விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான், மிச்சம் போனில் பார்த்துப் படித்தது. காற்று சோம்பேறி. சுலபமான வழி எது என்று பார்த்து அதில் போய்விடும். உள்ளே விட வாசல் வைத்தால் போதாது, வெளியே போகவும் வழி வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்று அடம் பிடிக்கும். சின்ன வயசில் சிந்துஜாவும் அப்படித்தான் அறை வாசலில் நிற்பாள், பகலில் நான் தூங்கும்போது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கும். அப்பா தூங்கறாரு, சத்தம் போடாத சாமி, என்று பூங்கொடியின் கிசுகிசுப்பு கேட்கும். வாசலில் இரண்டு சின்னக் கால் நிழலாகத் தெரியும். நான் விழித்துத்தான் இருப்பேன். விழித்திருக்கிறேன் வா என்று கூப்பிட்டால் அப்புறம் தூக்கம் போய்விடும், ராத்திரி பிளாண்ட்டில் கண் சொருகும், அதனால் கண்ணை மூடியே கிடப்பேன். கால் நிழல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். அப்படியே வளர்ந்துவிட்டாள். எனக்குத் தெரிந்து அவளோடு நான் பகல் வெளிச்சத்தில் ஒன்றாக இருந்தது எல்லாம் இந்த வண்டிக்குக் கீழேதான். ஸ்பேனர் கேட்டால் சரியான அளவை நீட்டுவாள். ஏம்ப்பா, ஏர் கிளீனருக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கு, என்பாள். இந்த ஷெட்டில் ஒரு வருஷத்தில் நாங்கள் பேசியது அதற்கு முன்பு இருபது வருஷத்தில் பேசியதைவிட அதிகம் இருக்கும். இப்போது ஒரு வார்த்தை சொல்லி அதை நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

கை தெரிந்தே செய்ததா? இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன். நேற்று ரெசின் கலக்கும்போது ஒரு கணம் கை நின்றது, அது நினைவிருக்கிறது. பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையோ மறந்த மாதிரி இருந்தது. பால்காரன் மணியடித்தான், தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், பிறகு பிரஷ்ஷை எடுத்துப் பூச ஆரம்பித்துவிட்டேன். அந்த நின்ற கணத்தில் எனக்குள் ஒருத்தன், டேய் ஆறுச்சாமி, இது இடது அச்சுடா என்று சொன்னானா? சொல்லி, நான் கேட்காத மாதிரி இருந்தேனா? கறுப்புத் துணிக்குள் கண்ணை மூடிக் கிடந்தவன்தானே நான், எனக்கு அது வராதா என்ன. இல்லை, களைப்புதான். களைப்பில் எத்தனை பேர் தப்பு செய்யவில்லை, மில்லில் ஒருத்தன் நின்றுகொண்டே தூங்கி, விசிறிக்குப் பதில் விளக்கை அணைத்தான். களைப்பென்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்த அப்பாடா எங்கிருந்து வந்தது? சரி, நன்றாகவே செய்து கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாயும் கச்சிதமாக, குழாய் டயரில் உரசாமல், ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினாலும் மடிப்பு நசுங்காமல். பிரேக் சில்லென்று இருக்கும். அதனால் அவள் என்ன செய்வாள்? திருப்பத்துக்கு இன்னும் கிட்டப் போய்ப் பிரேக் பிடிப்பாள். காற்று எவ்வளவு கொடுக்கிறேனோ அவ்வளவு வேகமாகப் போவாள். பத்திரமாக இருக்கட்டும் என்று நான் செய்து கொடுக்கிற ஒவ்வொன்றையும் அவள் வேகமாக மாற்றிக்கொள்வாள். இதற்கு முடிவு எங்கே. இடது மட்டும் மாட்டி அனுப்பினால்? ஒரு பக்கம் ஆறி ஒரு பக்கம் கொதித்தால், அழுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், அது ஒன்றுமே இல்லாததைவிட மோசம். இரண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. தப்பான வாயை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நல்ல வேலை. விளிம்பு ஒரே சீராக, குமிழி ஒன்றுகூட இல்லாமல். தப்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதன் இடத்தில் வைத்துப் பார்க்கிற வரைக்கும்.

போன் அடித்தது. சிந்துஜா. சனிக்கிழமை அவளுக்கு அரை நாள்தான், ஆனால் பம்ப் டெஸ்டிங்கில் ஏதோ தேங்கிவிட்டது, வர சாயங்காலம் ஆகும் என்றாள். பின்னால் தண்ணீர் பாய்கிற சத்தம். ஆயிருச்சா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன், வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது, சின்ன வார்த்தை, எடை இல்லாத வார்த்தை. பூங்கொடி பருப்புப் பாத்திரத்தோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றுவிட்டாள், கரண்டி அசையவில்லை. சிந்துஜா கேட்கவில்லை. "ஏம்ப்பா, தூங்குனீங்களா?" என்றாள். இல்லை என்றேன். மூணு நாளா நீங்க தூங்கலைன்னு அம்மா சொன்னாங்க, என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, பக்கத்தில் யாராவது கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்: "ஆவலைன்னா உடுங்கப்பா. பசங்ககிட்ட இப்பவே சொல்லிட்டேன், அப்பா சரின்னாத்தான் சரின்னு. நீங்க போய்ப் படுங்க."  அவள் குரலில் ஏமாற்றம் இருக்கிறதா என்று தேடினேன். நன்றாக மடித்து அடியில் வைத்திருந்தாள், கண்ணுக்குத் தெரியாமல். நான் சொல்ல வேண்டிய பொய்யை அவளே எனக்காக எழுதி, கையெழுத்து மட்டும் போடச் சொல்கிறாள். சரி சாமி என்று சொன்னால் முடிந்தது. பூங்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறை வாசலில் நின்று காத்திருந்துவிட்டு, அப்பா தூங்குகிறார் என்று நம்பித் திரும்பிப் போகிற கால். இருபது வருஷம் கழித்தும் அதே பொறுமை. அப்பா சரின்னாத்தான் சரி. "ஒண்ணு ஆயிருச்சு," என்றேன். "இன்னொண்ணத் தப்பாப் பண்ணிப்போட்டேன் கண்ணு. ரெண்டையும் இடதாவே வார்த்துட்டேன்." அவள் சிரித்தாள், அடக்க முடியாமல், அப்படின்னா ரிவர்ஸ்லயே ரேஸ் ஓட்டிர்றேன்ப்பா என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இன்னிக்கு அச்சை மாத்திப் புடிச்சுடறேன், நீ வர்றதுக்குள்ள இறுகிரும், என்றேன்.  சரிங்கப்பா என்று வைத்துவிட்டாள்.

சொல்லலை நீங்க, என்றாள் பூங்கொடி. சொல்லலை, என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் அடுப்பில் உட்காருகிற சத்தம் கேட்டது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக. நான் களிமண்ணை நனைத்தேன். பழைய அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது எங்கே புடைக்கிறதோ அங்கே குழித்து அல்ல, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, பீரோவிலிருந்து உடைந்த முகக்கண்ணாடித் துண்டை எடுத்துவந்து செங்கல்லில் சாய்த்து நிறுத்தி, அதில் தெரிகிற உருவத்தைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தேன். கண்ணாடிக்குள் என் கையும் தெரிந்தது, அதுவும் மாறித்தான். மெதுவாகச் செய்தேன். ஒவ்வொரு முறையும் கொண்டுபோய் வலது சக்கரத்தில் வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் அவிழ்ந்தது மறுபடியும் கட்டிக்கொண்டது, இறுகத்தான் கட்டிக்கொண்டது, ஆனால் அதோடு வேலை செய்ய முடிந்தது. டேப் சுற்றி, மெழுகு தடவி, பாயை ஒட்டி, ரெசின் கலக்கும்போது கை நிற்கவில்லை. பூசி முடித்துத் தலையை நிமிர்த்தினால் பூங்கொடி நிற்கிறாள், கையில் சிந்துஜாவின் தலைமுடி காயவைக்கிற மெஷின், ஒயரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு. இதுல சூடு வரும், காட்டுனா சீக்கிரம் இறுகுமா, என்று கேட்டாள். இறுகும், பக்கத்துல காட்டக் கூடாது, தள்ளிப் புடிக்கணும், என்றேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலையை முட்டிக்குள் சொருகிக்கொண்டு, மெஷினைப் போட்டுத் தள்ளிப் பிடித்தாள். நான் சொன்ன தூரத்தைவிட இன்னும் கொஞ்சம் தள்ளியே பிடித்தாள்.  ரெசின் வாடைக்கு அவள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டாள், கண் மட்டும் தெரிந்தது, அந்தக் கண் வாய் இறுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தது. கைமாற்றி நான் வாங்க வந்தபோது கொடுக்கவில்லை. நீங்க போய்ப் படுங்க, என்றாள். நான் படுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பக்கம் மாட்டிட்டீங்களே, அது நெசமாலும் காத்தக் கொண்டு போகுதா, இல்ல நீங்களா நெனச்சுக்கறதா, என்று கேட்டாள். காட்டறேன் வா என்றேன். மெஷினை வாங்கி, பம்பரின் இடது ஓட்டையில் இருந்த புனலுக்கு நேராகப் பிடித்தேன். அவளை இடது சக்கரத்துக்குப் பின்னால், டிஸ்க்குக்குப் பக்கத்தில் கையை வைக்கச் சொன்னேன். அவள் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, வளையல் இடிக்காமல் கையை உள்ளே விட்டாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை, வண்டி மறைத்தது, முதுகும் பின்னலும்தான் தெரிந்தன. மெஷினைப் போட்டேன்.  குழாயின் மடிப்புகளில் காற்று மோதி மோதிப் போவதை நினைத்துக்கொண்டு நின்றேன், எங்கேயாவது இடுக்கில் கசிந்து போய்விடுமோ, சோம்பேறிக் காற்று, சுலபமான வழி தேடுகிற காற்று. வருதா, என்று கேட்டேன்.  வண்டிக்குப் பின்னாலிருந்து, சின்னக் குரலில், கையை எடுக்காமலே சொன்னாள்.

"வருதுங்க." பிறகு, "அந்தப் பக்கத்துலயும் இதே அளவு வரோணும். கொறையக் கூடாது."